கட்டை இனித்த வருஷம்

நாளை மறுநாள் நெட்டப்பாக்கத்துக்குப் புறப்படப் போகிற என் பெண்ணுக்கு,

வீட்டில் கால் வைக்க இடமில்லை. கூடத்தில் உன் சித்திகள் பூக்கட்டுகிறார்கள், பின்கட்டில் மூட்டை மூட்டையாகப் பூசணிக்காய் வந்து இறங்குகிறது, உன்னைச் சுற்றி எந்நேரமும் ஒரு பெண்கள் பட்டாளம். நான் உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் போதும், யாராவது வந்து "அண்ணி, பருப்பு எங்க வச்சிகீறீங்க?" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நேரில் பேசிவிடலாம் என்று முயன்று முயன்று தோற்றுப்போய், வெல்லம் அடுக்கியிருக்கும் அறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். இதை உன் டிரங்குப் பெட்டியில், நகைத் தராசையும் குண்டு வார்க்கும் அச்சையும் சுற்றி வைத்த துணிக்குள் செருகிவிடுவேன். அங்கே போய் அந்தத் துணியைப் பிரிக்கும்போது உன் கைக்குக் கிடைக்கட்டும். மாப்பிள்ளை நிலத்திலும் கரும்பு. கரும்பு இருந்தால் பன்றி வராமல் இருக்காது. அப்பா தன் கண் மங்கிவிட்டது என்று துப்பாக்கியை மாப்பிள்ளைக்கே கொடுத்துவிட்டார், அதை வைத்துக்கொள்ள சர்க்கார் தரும் பெர்மியும் அவர் பெயருக்கு மாறிவிட்டது. தோட்டா கட்டும் வேலை உன்னோடு வருகிறது. அதை நான் உனக்குப் புதிதாகச் சொல்லித்தர ஒன்றுமில்லை, நீ என்னைவிட வேகமாகக் கட்டுவாய். நான் சொல்ல வந்தது வேறு.

பிரெஞ்சுப் போலீஸ் அதிகாரி பிரிகாதியே முன்னால் அப்பா துப்பாக்கி சுட்டுக் காட்டி பெர்மியைக் காப்பாற்றிய கதையை நீ நூறு தடவையாவது கேட்டிருப்பாய். சம்பந்தி வீட்டார் வந்த அன்றுகூட இலை முன் உட்கார்ந்து ரசம் ஆறுவது தெரியாமல் சொன்னார். முதல் இரண்டு குண்டு தவறியது, அடுத்த மூன்றும் தகரத்தில் போய் உட்கார்ந்தது, வெள்ளைக்காரன் தொப்பியைக் கழற்றினான் என்று சொல்லி மீசையைத் தடவி முடிப்பார். அந்த இரண்டாவது குண்டுக்கும் மூன்றாவது குண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று மட்டும் அவர் வாயைத் திறந்து சொன்னதே இல்லை. சொன்னால் சொந்தக்காரர்கள் அவரைச் சும்மா விடமாட்டார்கள் என்று பயம். எனக்கு அந்தப் பயம் கிடையாது. அந்த நடுவில் நீயும் இருந்தாய், அதனால் உனக்குத் தெரிந்தாக வேண்டும்.

எனக்குக் கல்யாணமாகி செலியமேட்டுக்கு வந்து இரண்டாவது கரும்புப் பட்டம் அது. ஏரிப் பக்கத்துப் புதரிலிருந்து பன்றிகள் கூட்டமாக இறங்கும். தின்பது கொஞ்சம், மிதித்து நாசம் செய்வது வண்டி வண்டியாக. நம் கரும்பு ஒரு பக்கமாகக் குதறிக் கிடப்பதைப் பார்த்தால் வயிறு எரியும். அந்த வருஷம் பார்த்து, பாகூர்ப் பக்கத்தில் யாரோ பன்றி என்று நினைத்துச் சுட்ட குண்டு இன்னொருவருடைய உழவு மாட்டின் மேல் பாய்ந்துவிட்டது. பெரிய ரகளை ஆயிற்று. நம் ஊர்களெல்லாம் சேர்ந்த கொம்யூனுக்குள் துப்பாக்கி வைத்திருக்கிற ஒவ்வொருவரும் போலீஸ் பிரிகாதியே முன்னால் வந்து சுட்டுக் காட்ட வேண்டும், நூறு தப்படி தூரத்தில் வைத்த சோற்றுத்தட்டு அளவுத் தகரத்தில் ஐந்துக்கு மூன்று பட வேண்டும், படாதவர் துப்பாக்கியை அங்கேயே ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும் என்று உத்தரவு வந்தது. துப்பாக்கி போனால் கரும்பு போயிற்று. நெல் அந்த வருஷம் சாவியாகிப் போயிருந்தது, கரும்பு ஒன்றுதான் எங்களுக்கு இருந்த ஆதாரம். தை மாதக் கடைசியில் பரீட்சை என்று தமுக்கு அடித்துச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

நம் துப்பாக்கி பழைய பிரெஞ்சுப் பட்டாளத்துத் துப்பாக்கி. தோட்டாக்கள் கடையில் கிடைக்காது. சுட்டுப் போட்ட பித்தளைக் கூட்டையே பொறுக்கி எடுத்து, அடியில் அடிபட்டால் பொறி விடுகிற புதுக் கேப்பு வைத்து, கருமருந்து கொட்டி, ஈயக் குண்டை மேலே அழுத்தி மறுபடியும் கட்டுவார் அப்பா. எவ்வளவு மருந்து என்று கேட்டால், மூக்குப்பொடி டப்பி மூடியால் ஒரு மூடி என்பார். கோபமாக இருந்தால் அந்த மூடி கோபுரமாக இருக்கும், தூக்கக் கலக்கமாக இருந்தால் தலை தட்டியிருக்கும். உத்தரவு வந்த மறுநாள் ஏரிக்கரையில் ஒரு பழைய முறத்தைச் சாய்த்து வைத்துச் சுட்டுப் பார்த்தார். ஒன்று முறத்தின் காதில், ஒன்று அடியில், மற்றவை எங்கே போயின என்று கரைக்குத்தான் தெரியும். அவர் துப்பாக்கியைத் திட்டினார், காற்றைத் திட்டினார், முறத்தையும் விடவில்லை. நான் கேப்பையும் கூட்டையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். சமையலில் உப்பைக் கண்ணளவில் போடலாம், ருசி பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். கிளம்பிப் போன குண்டை எங்கே திருத்துவது? அன்று சாயங்காலமே ஆசாரி வீட்டுக்கு ஆள் அனுப்பி நகைத் தராசை இரவல் வாங்கிவரச் சொன்னேன், பிறகு அதை விலைக்கே வாங்கிக்கொண்டோம். குண்டுமணிதான் எடைக்கல். எல்லா மணியும் ஒரே எடை இருக்காது என்பதால் ஒன்றோடு ஒன்றை நிறுத்துப் பார்த்துப் பொறுக்கி எடுத்தேன். உனக்கு வைத்திருப்பது அந்தப் பொறுக்கு மணிகள்தான், பழசு என்று தூக்கிப் போட்டுவிடாதே.

அந்தச் சமயத்தில்தான் உன் மாமா வரதன், என் தம்பி, புதுச்சேரி காலேஜிலிருந்து லீவுக்கு சைக்கிளில் வந்து இறங்கினான். அவனுக்கு வெடிச் சத்தம் என்றால் உயிர் போய்விடும், ஆனால் வெடியைப் பற்றிய கணக்கு என்றால் சோறு தண்ணி வேண்டாம். குண்டு என்ன வேகத்தில் போகிறது என்று தெரியாமல் மருந்தை மட்டும் நிறுத்து என்ன பயன் என்று கேட்டான். "கண்ணுக்கே தெரியாம பூடுது, அத்த எப்பிடிடா அளக்கறது?" என்றார் அப்பா. வரதன் சொன்ன பதில் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "குண்ட அளக்க வேணாம் மாமா. ஒரு பெரிய கட்டைய கயித்துல தொங்கவுட்டு அதுல சுடுங்க. குண்டு உள்ள போய் ஒக்காந்துக்கும், கட்ட மெதுவா ஊஞ்சலாடும். கட்ட எவ்ளோ தூரம் ஆடுச்சின்னு நம்ம கண்ணுக்குத் தெரியும். கட்டையோட எடையும் குண்டோட எடையும் தெரிஞ்சா, அதுலேர்ந்து குண்டோட வேகத்த கணக்கு போட்டுப் புடிச்சிடலாம்." கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் நான் கற்ற கணக்கெல்லாம் வட்டியும் நூல் கண்டு விலையும்தான். கண்ணில் படாத ஒன்றை, கண்ணில் படும் ஒன்றை வைத்துப் பிடித்துவிடலாம் என்று யாரும் எனக்கு அதுவரை சொன்னதில்லை. உலை கொதித்து வழிந்துகொண்டிருந்தது, நான் அசையாமல் நின்றேன்.

கொட்டகையில் நம் பழைய மர ஆலையின் உருளைக் கட்டை கிடந்தது. இரும்பு ஆலை வாங்கிய பிறகு அதற்கு வேலையில்லை. காய்ந்து, நன்றாக விரிசல் கண்டு, தூக்க ஆள் வேண்டிய கனம். அதை வெல்லம் எடை போடும் தராசில் நிறுத்து, இரண்டு பனைமரங்களுக்கு நடுவே குறுக்கு மரம் போட்டு, நாலு கயிற்றில் தொட்டில் மாதிரி தொங்கவிட்டார்கள். எவ்வளவு தூரம் ஆடியது என்று அளக்க வரதன் ஏதோ பித்தளைச் சாமான் வேண்டும் என்று தலையைச் சொறிந்தான். நான் பூக்கட்டுகிற வாழைநாரை எடுத்து வந்தேன். ஒரு முனையைக் கட்டையின் அடியில் கட்டி, இன்னொரு பக்கத்தைத் தரையில் நட்ட குச்சியின் பிளவில் செருகினோம். கட்டை பின்னால் போகும்போது நாரை இழுத்துக்கொண்டு போகும், திரும்பி வரும்போது நார் தொங்கிவிடும். இழுபட்ட நாரை அளந்தால் ஆட்டத்தின் அளவு. முதல் குண்டு சுட்டபோது வரதன் காதைப் பொத்திக்கொண்டு வரப்புக்குப் பின்னால் படுத்திருந்தான். நான் ஓடிப்போய் நாரை அளந்தேன். அவன் மண்ணில் குச்சியால் கணக்குப் போட்டு, நொடிக்கு எத்தனை முழம் என்று சொன்னபோது அப்பா நம்பவில்லை. சுட்ட மனிதரே குண்டைத் தேடுகிறவர் மாதிரி ஆகாயத்தைப் பார்த்தார். அந்தக் குண்டு நம் வீட்டிலிருந்து ஏரிக்கரைக்கு நான் ஒரு மூச்சு விடுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடுமாம். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இன்னொன்று, இன்னொன்று என்று குழந்தை மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அப்புறம் வந்தது கஷ்டகாலம். மருந்தை நான் தினமும் ஒரே எடைக்குத்தான் நிறுத்தேன். குண்டும் ஒரே எடை. ஆனால் கட்டையின் ஆட்டம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. உள்ளே தங்குகிற குண்டுகளின் எடையையும் சேர்த்துக் கூட்ட வேண்டும் என்று வரதன் மறக்காமல் கூட்டினான். அப்படிக் கூட்டியும் வேகம் இறங்கியது. அப்பாவுக்குக் காரணம் உடனே கிடைத்துவிட்டது. "மருந்து செத்துப் போச்சிடி. ஏரிப் பனி. இன்னும் கொஞ்சம் கொட்டு." நான் மாட்டேன் என்றேன். காலையில் வெயிலில் வைத்த மருந்து எப்படிச் சாகும் என்று கேட்டேன். "கட்ட பொய் சொல்லுமா? நீதான கட்டைய அப்பிடிக் கொண்டாடுன" என்றார். நான் அடுப்படியில் இருந்த நேரம் பார்த்து அவரே மூக்குப்பொடி மூடியை எடுத்துக்கொண்டார். மறுநாளும் வேகம் குறைச்சலாகக் காட்டியது. இன்னும் கொஞ்சம் கொட்டினார். அதற்கு மேல் கூட்டில் இடமில்லாமல் குச்சியால் இடித்து இறுக்கினார். இந்த ஒன்றை மட்டும் மாப்பிள்ளை செய்ய விடாதே. நல்ல பிள்ளைதான், ஆனால் அன்றைக்குத் துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் "இன்னும் கொஞ்சம் மருந்து தாங்குமா?" என்று கேட்டாரே, அந்தக் குரலை நான் நன்றாக அறிவேன்.

பல தடவை சுட்டுத் தளர்ந்த பித்தளை அது. கூட்டின் அடி பிளந்து, நெருப்பு பின்பக்கமாகச் சீறி அப்பாவின் வலது முகத்தில் அடித்தது. நான் கொட்டகையிலிருந்து பார்த்தேன். துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ஓடிப்போய் கையை விலக்கிப் பார்க்கும் வரை என் உயிர் என்னிடம் இல்லை. கண் தப்பித்தது. புருவமும் இமை மயிரும் பொசுங்கி, கன்னம் கருத்து, பாதி முகம் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. அப்போது நீ என் வயிற்றில் ஆறு மாதம். "நீ இனிமே இந்தப் பக்கமே வரக்கூடாது, வவுத்துல புள்ளையோட" என்று அந்த நிலையிலும் என்னைத்தான் அதட்டினார். நான் வெண்ணெய் தடவினேன், அழுதேன், அழுதுகொண்டே திட்டினேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு கேள்வி மட்டும் அரித்துக்கொண்டே இருந்தது. அவ்வளவு மருந்து போட்டும் கட்டை ஏன் ஆடவில்லை?

மறுநாள் விடிந்ததும் யாருக்கும் சொல்லாமல் பனைமரத்தடிக்குப் போனேன். கயிற்றில் எறும்பு இறங்கிக்கொண்டிருந்தது. ஒன்றிரண்டு இல்லை, குறுக்கு மரத்திலிருந்து கட்டை வரைக்கும் சாரை சாரையாக. குண்டு துளைத்த ஓட்டைகளுக்குள் நுழைந்து வெளியே வந்தபடி இருந்தது. மரத்துக்குள் எறும்புக்கு என்ன வேலை? கையை வைத்தேன், கட்டை ஈரமாகப் பிசுபிசுவென்று ஒட்டியது. விரலை நாக்கில் வைத்துப் பார்த்தேன். இனித்தது. கண்ணு, இருபது வருஷம் ஆகப்போகிறது, அந்த இனிப்பை இப்போது எழுதும்போதும் நாக்கு உணர்கிறது. கரும்புச்சாறு. பச்சைச் சாறு. கட்டை சாற்றைக் குடித்துக் குடித்து ஊறிக் கிடந்தது.

அப்பா அப்போதுதான் ஒரு சொம்பைக் கையில் எடுத்துக்கொண்டு கொட்டகையிலிருந்து வந்தார். என்னைப் பார்த்ததும் சொம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"அது இன்னா கையில?"

"ஒண்ணும் இல்ல. நீ ஏன் இங்க வந்த?"

"தெனமும் ஊத்தறீங்களா?"

சொம்பை முன்னால் கொண்டுவந்தார். "ஆல ஓட்டற நாள்ல மொதல் சொம்பு சாறு கட்டைக்குத்தான்டி. எங்க அப்பா ஊத்துனாரு, அவுங்க அப்பா ஊத்துனாரு. இரும்பு ஆல வந்துடுச்சின்னு அத்த மறந்துடுவனா? தொங்குனா இன்னா, அது நம்ம ஆலக் கட்டதான."

விடியற்காலையில் ஆலை பூட்டும்போது பெண்கள் யாரும் அங்கே வருவதில்லை, வெல்லம் காய்ச்சும்போதுதான் போவோம். அதனால் எனக்குத் தெரியவே இல்லை. வரதன் எழுந்திருப்பதோ வெயில் ஏறிய பிறகு. விரிசலும் குண்டு ஓட்டையுமாக இருந்த காய்ந்த மரம், ஊற்ற ஊற்றக் குடித்திருக்கிறது. கனம் ஏற ஏற ஆட்டம் குறைந்திருக்கிறது. ஆட்டம் குறையக் குறைய, குண்டு மெதுவாகப் போகிறது என்று நினைத்து இவர் மருந்தைக் கூட்டியிருக்கிறார். காலையில் பக்தியாகச் சாற்றை ஊற்றுவது, பொழுது சாயும்போது மருந்து செத்துவிட்டது என்று கத்துவது, இரண்டும் ஒரே ஆள். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பொசுங்கிய புருவத்தோடு அவர் முறைத்தார், பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, கன்னம் எரிந்ததால் பாதி வாயால் சிரித்தார்.

வரதனை எழுப்பிக் கட்டையை இறக்கி மறுபடி நிறுத்தோம். முதல் நாள் இருந்ததைவிட ஒரு குழந்தையைத் தூக்கி மேலே உட்கார வைத்தமாதிரி கனம் கூடியிருந்தது. ஒவ்வொரு நாளும் எவ்வளவு கூடியிருக்கும் என்று சொம்பை வைத்துக் குத்துமதிப்பாகப் பார்த்து, பழைய கணக்குகளைத் திருத்திப் போட்டான். நான் தராசில் மருந்து நிறுத்த நாட்களின் வேகமெல்லாம் கிட்டத்தட்ட ஒன்றாக வந்து நின்றது. அந்த இடத்தில் நான் கை தட்டினேன். என் தராசு தப்பில்லை, மருந்து சாகவில்லை. அப்பா மூடியால் கொட்டிய நாட்களின் வேகம் மட்டும் எங்கேயோ எகிறிப் போயிருந்தது. முதல் சொம்பு சாறு அன்றிலிருந்து இரும்பு ஆலைக்குப் போனது, இன்றைக்கும் போகிறது. ஊற்றக் கூடாது என்று நான் சொல்லவில்லை, இடத்தை மாற்றச் சொன்னேன். நீயும் அந்த வீட்டில் எந்த வழக்கத்தையும் எடுத்ததும் தப்பு என்று சொல்லிவிடாதே, அது எதற்குள் ஊறுகிறது என்று மட்டும் பார்த்துக்கொள்.

பரீட்சைக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. கட்டையை வெயிலில் காயவைத்து, ஒவ்வொரு தடவையும் நிறுத்த பிறகே தொங்கவிட்டோம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்றினேன். மருந்தை மாற்றினால் குண்டை மாற்றமாட்டேன், குண்டை மாற்றினால் மருந்தைத் தொடமாட்டேன். வார்த்த குண்டுகளில் உள்ளே காற்று அடைத்தவை எடை குறைவாக இருக்கும், அவற்றை மறுபடி உருக்கினேன். மருந்தைக் கூட்டிக்கொண்டே போனால் வேகம் கூடியது, ஆனால் ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் வேகம் தாறுமாறாக இருந்தது, முறத்தில் துளைகளும் திசைக்கு ஒன்றாகப் போயின. குறைத்துக்கொண்டே வந்தபோது ஓர் அளவில் நார் ஒவ்வொரு தடவையும் ஒரே நீளத்துக்கு இழுபட்டது. விரல் வைத்துப் பார்த்தேன், நகக்கண் அளவு வித்தியாசம்கூட இல்லை. அதே அளவில் முறத்தில் சுடச் சொன்னேன். விழுந்த மூன்று துளைகளையும் ஒரே வெற்றிலையால் மூடிவிட்டேன். அப்பாவுக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. "இன்னாடி, ஓலப் பட்டாசு மாதிரி கீது" என்றார். போய் வெற்றிலையை எடுத்துப் பாருங்கள் என்றேன். எடுத்துப் பார்த்தார், மறுபடி மூடினார், மறுபடி எடுத்தார். வேகமாகப் போவதைவிட ஒரே மாதிரிப் போவதுதான் குண்டுக்கு முக்கியம் என்று அன்று எனக்குத் தெரிந்தது. மனுஷருக்கும் அப்படித்தானா என்று நீ போய் வாழ்ந்து பார்த்துச் சொல்.

எல்லாம் கூடிவந்தது என்று நான் குதித்துக்கொண்டிருந்தபோது ஒரு தோட்டாவில் கேப்பு வெடிக்கவில்லை. "டிக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். துப்பாக்கி வெடிக்காமலே அப்பாவின் தோள் துள்ளியது, துப்பாக்கி முனை கீழே குத்தியது, வலது கண் இறுக மூடிக்கொண்டது. அவர் தான் அப்படிச் செய்ததை அறியவே இல்லை. நான் பார்த்துவிட்டேன். பிளந்த கூடு அவர் முகத்தில் அடித்த அந்த நெருப்புக்காக அவர் உடம்பு ஒவ்வொரு தடவையும் காத்திருந்தது. முறத்தில் சரியாகச் சுட்டது நல்ல நேரம், அடுத்த நாள் ஐந்தில் மூன்று வெளியே போயின. தோட்டா ஒன்றுபோல இருந்தது, விசையை இழுக்கிற மனிதர் ஒன்றுபோல இல்லை. அதை நிறுக்க என்னிடம் தராசு கிடையாது. "பயமா கீதா?" என்று கேட்டேன். "எனக்கா?" என்று எழுந்து போய்விட்டார். அன்று ராத்திரி சாப்பாட்டில் கை வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார். "கட்டன தோட்டா மேல சந்தேகம் இல்லடி. மூஞ்சிதான் நம்ப மாட்டேங்குது."

பரீட்சை பாகூர் ஏரிக்கரையில். நமக்கு முன்னால் சுட்டவர்கள் பாதிப் பேர் துப்பாக்கியை மேசை மேல் வைத்துவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார்கள். பிரிகாதியே குடைக்குக் கீழே நாற்காலியில் இருந்தார், பக்கத்தில் கொம்யூன் தலைவரான மேர் நின்று அவர் பேசுவதைத் தமிழில் சொன்னார். பெண்கள் எல்லோரும் தூரத்தில் ஆலமரத்தடியில். எனக்கு அப்போது வளைகாப்பு முடிந்திருந்தது, இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல், வயிறு எனக்கு முன்னால் நடந்தது. அப்பா முதல் குண்டைச் சுட்டார். தகரத்துக்குக் கீழே மண் பறந்தது. இரண்டாவதும் அதே இடத்தில். இரண்டு தடவையும் துப்பாக்கி முனை குத்தியதை அவ்வளவு தூரத்திலிருந்தும் பார்த்தேன். இனி மூன்றே மூன்று. மூன்றும் பட்டாக வேண்டும். பிரிகாதியே கடிகாரத்தைப் பார்த்தார். அப்பா அடுத்த தோட்டாவைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே நின்றார், உள்ளே போடவில்லை.

நான் எப்போது நடக்க ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியாது. வளையல் சத்தம் கேட்டு எல்லோரும் திரும்பினார்கள். நேராக அவரிடம் போய் அவருடைய வலது பக்கத்தில், கூடு பிளந்தால் நெருப்பு பாய்கிற அதே பக்கத்தில், அவர் தோளை ஒட்டி நின்றேன். பிரிகாதியே அந்தப் பெண்ணை அப்புறப்படுத்துங்கள் என்று பிரெஞ்சில் சொன்னார். கன்னியாஸ்திரிகள் புண்ணியத்தில் எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. புரியாத முகத்தோடு நின்றேன்.

"பைத்தியமாடி உனக்கு? போ அந்தாண்ட."

"போவ மாட்டேன். நான் நிறுத்த மருந்து, நான் கட்டன தோட்டா. இது வெடிச்சி யாரு மூஞ்சியும் கருவாது. நானும் நிக்கறேன், புள்ளையும் நிக்கிது. சுடுங்க."

மேர் "அம்மா, அம்மா" என்று கையை ஆட்டினார். பிரிகாதியே நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அப்பா என்னைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்போது ஓடியதை நான் இங்கே எழுதமாட்டேன், அது எனக்கு. தோட்டாவை உள்ளே போட்டுப் பூட்டினார். துப்பாக்கியைத் தூக்கினார். நான் அவர் வலது கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெடித்தது. கண் மூடவில்லை. தூரத்தில் தகரம் "டங்" என்றது. நீ உள்ளே ஓர் உதை விட்டாய். அடுத்தது. டங். மறுபடி உதை. மூன்றாவதுக்கு அவர் நிறைய நேரம் எடுத்துக்கொண்டார். எனக்குப் பயமாக இருந்தது என்று உன்னிடம் மறைக்கமாட்டேன். தோட்டாவைப் பற்றி ஒரு துளிகூட இல்லை, அவரைப் பற்றித்தான். டங்.

வெள்ளைக்காரன் தொப்பியைக் கழற்றியது உண்மைதான். அப்பாவுக்காக என்று அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார், நினைத்துக்கொள்ளட்டும். வண்டியில் வீடு திரும்பும் வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். ஏதாவது ஆகியிருந்தால், ஏதாவது ஆகியிருந்தால் என்று அதையே சொன்னார். பிறகு திட்டு நின்றுவிட்டது. மாட்டை நிறுத்திவிட்டு, கயிற்றைப் பிடித்த கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு விம்மி விம்மி அழுதார். அப்போது உன்னால் எங்கும் போக முடியாது, எங்களோடுதான் வண்டியில் இருந்தாய்.

வெளியே யாரோ கதவைத் தட்டுகிறார்கள், வெல்லம் வேண்டுமாம். எழுந்தாக வேண்டும். அந்த வீட்டில் மருந்தை நிறுக்கும்போது அவசரப்படாதே, யாரும் உன்னை அவசரப்படுத்த விடாதே. தளர்ந்த கூட்டைத் தூக்கிப் போடு. முதல் தடவை மாப்பிள்ளை வயலில் சுடப்போகிற அன்று, தோட்டாவை அவர் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போய்விடாதே. அவருக்கு வலது பக்கத்தில் போய் நில்.

உன் அம்மா